படகே வீடாக மும்பையிலிருந்து கோவா வரை: கொங்கண் ஊர்களைக் கடல்வழியாகப் பார்க்க ஆலோசனை வேண்டும்

செம்பூர்_அலை | ஆகஸ்ட் 14

எல்லோருக்கும் வணக்கம். வயது 53. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் சின்னப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது 27 அடியில் ஒரு பழைய ஃபைபர் படகு கைக்கு வந்திருக்கிறது. இரண்டு பேர் படுக்கலாம், சின்னதாக ஒரு சமையல் மேடை, டீசல் இன்ஜின். அடிப்பாகம் தண்ணீருக்குள் 1.2 மீட்டர் இறங்கும்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நானும் மனைவியும் படகிலேயே தங்க வேண்டும், அலிபாக், முருட், தாபோல், ஜெய்கட், ரத்னகிரி, விஜயதுர்க், தேவ்கட், மால்வண் என்று ஊர் ஊராக இறங்கி கோவா வரை போக வேண்டும். இதுதான் ஆசை. பிடித்த ஊரில் ஒரு வாரம் இருக்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாளே கிளம்பலாம்.

போன சனிக்கிழமை நாரளி பூர்ணிமா. வொர்லி கோலிவாடாவில் கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ரயில் ஏறியிருக்கிறேன் என்று பட்டது. வீட்டுக்கு வந்து அன்றைக்கே மனைவியிடம் பேசிவிட்டேன்.

நம் ஆட்களில் யாராவது இப்படி இருந்திருக்கிறீர்களா? தண்ணீர், சமையல், அனுமதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். முக்கியமாக, ராத்திரி எங்கே நிறுத்துவது? வரைபடத்தில் பார்த்தால் வழிநெடுகத் துறைமுகம். விசாரித்தால் பாதி இடத்தில் மண்திட்டு என்கிறார்கள்.

முலுண்ட்_கணக்கர் | ஆகஸ்ட் 14

சார், படகு வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மழைக்கு முன் கரையேற்றும் செலவு, அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயின்ட், பாய், கயிறு, இன்ஷூரன்ஸ் என்று வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நோட்டில் தனியாக எழுதிப் பாருங்கள். அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டம்மா சரி என்றாரா, இல்லை உங்களுக்காகத் தலையாட்டினாரா? 27 அடிக்குள் ஆறு மாதம் சின்ன விஷயமில்லை.

நங்கூர_வீடு | ஆகஸ்ட் 15

கணக்கர் அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சீசன் முழுக்க 30 அடிப் படகில் இருந்தவர்கள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான், நீச்சல்கூட நாற்பது வயதில்தான் கற்றுக்கொண்டேன். பெண்களால் முடியுமா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்துத் தில்னா என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள், கடற்படையின் தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். இரண்டே பேர். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கேட்பதில்லை.

தண்ணீர் முதலில். எங்கள் தொட்டி 150 லிட்டர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் என்று பழகிக்கொண்டோம், பத்து நாள் வந்தது. பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசுவேன். துறைமுகத்துக்கு உள்ளே அந்தக் கடல் தண்ணீரைத் தொடாதீர்கள், டீசல் மிதக்கும். குளியலும் அப்படித்தான், கடலில் முங்கி எழுந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.

சமையலுக்குக் குக்கர்தான் ராஜா. மூடி பூட்டிக்கொள்ளும், படகு சாய்ந்தாலும் கொட்டாது. இட்லி மாவை முதல் வாரம் மூடி போட்ட தூக்கில் வைத்தேன். ராத்திரி பொங்கி, ஆட்டத்தில் வழிந்து, விடிகாலையில் படுக்கைக்குக் கீழே இருந்த மிதவை ஜாக்கெட் எல்லாம் மாவு. அதற்குப் பிறகு பாதி அளவு மாவைத் திருகு மூடி டப்பாவில் ஊற்றி, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். ஈரக்காற்றில் உப்பும் சர்க்கரையும் கட்டியாகிவிடும், டப்பாவுக்குள் கொஞ்சம் அரிசி போட்டு வையுங்கள். பொடிகளைச் சின்னச் சின்னப் பாட்டிலாகப் பிரித்து எடுத்துப் போங்கள், ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது இடமில்லாதது அல்ல. தனியாக அழக்கூட ஒரு மூலை இல்லாததுதான். அதை இருவரும் வெளிப்படையாகப் பேசிக்கொண்டோம்: காலையில் ஒரு மணி நேரம் அவர் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நான் உள்ளே. அந்த ஒரு மணி நேரம் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. இந்த ஏற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

வாஷி_இன்ஜினியர் | ஆகஸ்ட் 15

வணிகக் கப்பலில் 31 வருடம் இன்ஜின் அறையில் இருந்தவன். கேஸ் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறந்தால் போய்விடும். படகில் கசிந்தால் அடிவயிற்றுக்கு, அதாவது பில்ஜுக்கு இறங்கி அங்கேயே தங்கும். மூக்குக்கு எட்டாது. இன்ஜினைத் தட்டும்போது ஒரு சின்னப் பொறி போதும். சிலிண்டரை வெளியே, கடல் பக்கம் ஓட்டை உள்ள பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு தடவை சமைத்த பிறகும் வால்வைச் சிலிண்டரிலேயே மூடுங்கள். மனைவிக்கும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிய வேண்டும்.

சின்னத் துறைகளில் டீசலைக் கேனில்தான் வாங்குவீர்கள். தண்ணீரும் துருவும் கலந்து வரும். வடிகட்டும் புனல் இல்லாமல் தொட்டியில் ஊற்றாதீர்கள், மாற்று ஃபில்டர் நாலு வைத்திருங்கள். இன்ஜின் நிற்பது எப்போதுமே ஆற்றுமுகத்தில்தான். அங்கேதான் அலை தொட்டியைக் குலுக்கி அடியிலிருக்கும் கசடைக் கிளப்பும்.

விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சானல் எப்போதும் ஓடட்டும். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தூத்தூர்க்காரன் | ஆகஸ்ட் 16

அண்ணாச்சி, நான் கன்னியாகுமரி மாவட்டம். இப்போது மும்பை சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ், டீசல் ஏற்பாடு செய்யும் வேலை. அப்பா, சித்தப்பா எல்லோரும் ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் தொழில்காரர்கள். எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கொங்கண் ஊர்கள் எல்லாம் ஆற்றுமுகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ரேவ்தண்டாவுக்குக் குண்டலிகா, பாங்கோட்டுக்கு சாவித்ரி, தாபோலுக்கு வாசிஷ்டி, ஜெய்கட்டுக்கு சாஸ்திரி, விஜயதுர்க்குக்கு வாகோட்டண். எங்கள் ஊரில் பொழிமுகம் என்போம். ஆறு கொண்டுவரும் மண்ணைக் கடல் தள்ளிவிடும், வாசலில் திட்டு கட்டும். வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும் நேரத்தில், உள்ளிருந்து நீர் வேகமாக வெளியே வரும், எதிரே வடமேற்குக் காற்று அலையைத் தள்ளும். இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பி உடையும். பத்து நிமிடத்துக்கு முன் குளம்போல இருந்த இடம்தான். ஆகவே ஏற்றம் முடியப்போகும் நேரத்தில், காலையில், காற்று எழும்புவதற்கு முன் நுழையுங்கள். குளிர்காலத்தில் இந்தக் கரையில் விடிகாலையில் கரைக்காற்று மெதுவாக வீசும், மதியத்துக்கு மேல் வடமேற்கு எழும்பும், பொழுது சாய்ந்ததும் அடங்கும். தினமும் இதே கதை.

ராத்திரி ஓட்டம் வேண்டாம். மும்பையிலிருந்து தெற்கே கோலிகள் டோல் வலை கட்டியிருப்பார்கள். ஓட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்து நிலையாக நிற்கும் பை வலை. மேலே மிதவையோ கொடி கட்டிய மூங்கிலோதான் அடையாளம், இருட்டில் ஒன்றும் தெரியாது. இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டால் உங்களுக்கும் ஆபத்து, அவன் பிழைப்பும் போச்சு. அப்படிச் சிக்கிவிட்டால் கத்தியை எடுத்த உடனே அறுக்காதீர்கள். பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள், முடிந்தவரை அவிழ்க்கப் பாருங்கள், முடியாமல் அறுத்தால் உரியவனைத் தேடிப்போய்க் காசு கொடுங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்.

எந்த ஊருக்குள் நுழையும் முன்பும் வெளியே நின்று, உள்ளே போகும் ஒரு மீன்படகைப் பாருங்கள், அவன் போன தடத்தில் போங்கள். நங்கூரம் போடும் முன் யாரிடமாவது கேளுங்கள். மராத்தியில் ஏற்றத்துக்கு பர்தி, வற்றத்துக்கு ஓஹோட்டி. இந்த இரண்டு வார்த்தையும் ஒரு சிரிப்பும் போதும்.

செம்பூர்_அலை | ஆகஸ்ட் 16

தம்பி, கோடி நன்றி. ஆற்றுமுகங்கள் பற்றி வேறெங்கும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஓட்டமே வேண்டாம் என்பது சரியா? கேட்வேயிலிருந்து பனாஜி வரை அட்சரேகையில் கிட்டத்தட்ட 205 கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). ஒரு கலை ஒரு கடல் மைல், ஆக 205 மைல், வளைவுக்கு இன்னும் கொஞ்சம். மணிக்கு 5 மைல் என்றால் இரண்டு நாளில் நேராகப் போய்விடலாம். கரையிலிருந்து 20 மைல் வெளியே போனால் வலையும் குறைவு என்று கிளப்பில் சொல்கிறார்கள்.

தூத்தூர்க்காரன் | ஆகஸ்ட் 16

கோவாவுக்குப் போய்ச் சேருவதுதான் நோக்கம் என்றால் வெளியே போங்கள், தப்பில்லை. ஊர்களைப் பார்க்கத்தானே கிளம்புகிறீர்கள்? இருபது மைல் வெளியே ஊர் இல்லை அண்ணாச்சி.

வாஷி_இன்ஜினியர் | ஆகஸ்ட் 17

இதில் தம்பியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. காற்று மாறி ஒரு முகத்தில் நுழைய முடியாமல் போனால், ராத்திரி வெளியே நின்று சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பயந்துபோய் இருட்டில் உள்ளே நுழைகிறவர்கள்தான் தரைதட்டுகிறார்கள். ஒரு ராத்திரியாவது பழகிய ஆளோடு வெளியே இருந்து பழகுங்கள். தேவைப்படாமல் போனால் நல்லது.

தூத்தூர்க்காரன் | ஆகஸ்ட் 17

அய்யா சொல்வது சரிதான். நான் ஏன் பயப்படுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30, ஒக்கி. எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டில் ஆண்பிள்ளை திரும்பவில்லை என்று உங்களுக்கெல்லாம் தெரியும். சித்தப்பா படகு கடலில் இருந்தது. வீட்டில் ஒரு தகவலும் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தோம். காற்றோடு காற்றாக வடக்கே வந்து தேவ்கட்டில் கரை சேர்ந்திருந்தார்கள். நம்மவர் படகுகள் இன்னும் நிறைய அங்கே ஒதுங்கியிருந்தன. மலை அணைத்த குடா அது, உள்ளே போய்விட்டால் காற்று தெரியாது. பாஷை தெரியாத ஊரில் சாப்பாடும் போனும் கொடுத்தார்கள். சித்தப்பா இன்றைக்கும் தேவ்கட் என்ற பேரைச் சொன்னால் எழுந்து உட்காருவார்.

அதனால் அக்டோபர் கடைசி, நவம்பர், டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் வானிலை அறிக்கையைத் தினம் இரண்டு வேளை பாருங்கள். மழைக்காலம் முடிந்தது என்று அரபிக்கடல் சும்மா இருக்காது. மே மாதத்தையும் நம்பாதீர்கள், 2021-ல் டௌக்டே புயல் வந்தது மே மாதம்.

தாராவி_பைக் | ஆகஸ்ட் 18

படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது தூத்தூர் அண்ணா.

செம்பூர் சார், எனக்குப் படகு வாங்கும் வசதி இல்லை. ஆனால் இதே கரையை பைக்கில் பார்த்திருக்கிறேன். மும்பை பாவ்ச்சா தக்கா துறையில், வாகனம் ஏற்றும் ரோரோ கப்பலில் ஏறினால் பைக்கோடு மாண்ட்வா. அங்கிருந்து அகர்தண்டா – திகி, வேஷ்வி – பாக்மண்டலா, தாபோல் – தோபாவே, ஜெய்கட் – தவ்சாள் என்று கழிமுகங்களைத் தாண்ட ஃபெர்ரி உண்டு. வாகனத்தை ஏற்றிக்கொண்டு ஊர்க்காரர், மீன்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போவார்கள். நீங்கள் நுழையப்போகும் அதே ஆற்றுமுகங்கள்தானே இவை? படகில் போகும் முன் ஒரு தடவை இப்படிப் போய், வற்றின நேரத்தில் ஃபெர்ரியிலிருந்து திட்டு எங்கே வெளியே தெரிகிறது என்று பார்த்து வரலாமே?

நங்கூர_வீடு | ஆகஸ்ட் 18

தம்பி, எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே! ஜெய்கட்டில் நாங்கள் தரைதட்டி ஆறு மணி நேரம் சாய்ந்து கிடந்த அந்த இடத்தை ஃபெர்ரியிலிருந்து பார்த்திருக்கலாம்.

செம்பூர்_அலை | அக்டோபர் 21

தாராவி தம்பி சொன்னபடி போய் வந்தேன். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, ஆறு நாள். ஒவ்வொரு ஃபெர்ரியிலும் வற்றத்தில் ஒரு தடவை, ஏற்றத்தில் ஒரு தடவை. என் நோட்டு முழுக்கக் கோவில் கோபுரம், செல்போன் டவர், தனித்து நிற்கும் ஆலமரம் என்று அடையாளம். எதற்கு நேரே எது வந்தால் ஆழமான தடம் என்று ஃபெர்ரி ஓட்டுபவர்களே சொன்னார்கள்.

தூத்தூர்க்காரன் | அக்டோபர் 21

அதுக்குப் பேர் கணியம் அண்ணாச்சி. எங்கள் அப்பாவுக்கு ஜிபிஎஸ் அதுதான். அந்த நோட்டை நனையாமல் வையுங்கள்.

வாஷி_இன்ஜினியர் | அக்டோபர் 22

நல்ல வேலை. நங்கூரக் கணக்கு ஒன்று சொல்ல மறந்தேன். மும்பைப் பக்கம் உவா நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றத்தில் 3 மீட்டர் ஆழம் என்று பார்த்து 15 மீட்டர் சங்கிலி விட்டுத் தூங்கினால், நடுராத்திரி அதே இடம் 7 மீட்டர். அணியத்தின் உயரம் ஒரு மீட்டரைச் சேர்த்தால் 8. ஐந்து மடங்கு என்றால் 40 மீட்டர் விட்டிருக்க வேண்டும். தெற்கே போகப் போக இந்த ஏற்ற இறக்கம் குறையும். கோவாவில் இரண்டு மீட்டர் பக்கம்தான், கொச்சியில் ஒரு மீட்டர்கூட வராது. முதல் வாரம்தான் உங்களுக்கு மிகக் கடினமான வாரம்.

இன்னொன்று. அமாவாசை, பௌர்ணமியில் மும்பையில் ஏற்றம் நிறைவது நண்பகலும் நள்ளிரவும். நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமி, நவமி வரும்போது ஏற்றம் காலை ஆறு, ஏழு மணிக்கு வந்துவிடும். நம் வீட்டில் அஷ்டமி நவமியில் எதையும் தொடங்க மாட்டார்கள். இந்தக் கரையில் ஆற்றுமுகத்தில் நுழைய அதைவிட நல்ல நாள் கிடையாது. காற்று எழும்பாத நேரத்தில் நிறைந்த நீர், இழுப்பும் குறைவு. தினசரிக் காலண்டர் ஒன்றைப் படகில் மாட்டுங்கள்.

முலுண்ட்_கணக்கர் | அக்டோபர் 22

படகுப் பதிவு, இருவரின் ஆதார், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் மூன்று நகல், தண்ணீர் புகாத உறையில். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அறியாத படகைக் கண்டால் யாரும் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஊருக்குள் நுழைந்ததும் கடலோரப் போலீசிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

செம்பூர்_அலை | ஜனவரி 16

முருட்டிலிருந்து எழுதுகிறேன். இன்ஜின் கோளாறில் டிசம்பர் முழுக்கப் போய்விட்டது, ஒரு வழியாகப் போன வாரம் கிளம்பினோம்.

முதல் ராத்திரி மாண்ட்வா, அடுத்த இரவு அலிபாக்குக்கு வெளியே. இரவெல்லாம் தொட்டில் ஆட்டம், இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. மறுநாள் நவமி. வெளுக்கும்போது நங்கூரம் எடுத்து, ஏழே முக்காலுக்கு ரேவ்தண்டா முகம். சொன்னபடி வெளியே நின்றோம். பச்சைப் பெயின்ட் அடித்த மீன்படகு ஒன்று உள்ளே போனது. அது எங்கள் நோட்டில் குறித்திருந்த தடத்திலேயே போனது. மனைவி சுக்கானில், நான் அணியத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு. நான்கு மீட்டர், மூன்றரை, மூன்று, மறுபடி நான்கு. இடப்பக்கம் ரேவ்தண்டா கோட்டை மதில் தென்னை மரங்களுக்குள் ஓடுகிறது. வலப்பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோர்லை மலை, முதுகெலும்பு மாதிரி அதன் மேல் நீளமான கோட்டை. இதே இடத்தை அக்டோபரில் சாலையிலிருந்து பார்த்தபோது இரண்டும் வேறு வேறு ஊராகத் தெரிந்தன. முகத்தின் நடுவில் வந்து நின்றபோதுதான் போர்த்துகீசியர் ஏன் இரு கரையிலும் கோட்டை கட்டினார்கள் என்று புரிந்தது. இடையில் எவனும் தெரியாமல் நுழைய முடியாது.

பாலத்துக்குக் கீழ்ப்புறம் நங்கூரம். கடலோரப் போலீசிடம் கணக்கர் சார் சொன்ன நகல்களைக் கொடுத்தோம், பத்து நிமிடத்தில் முடிந்தது.

மதியம் சின்னத் துடுப்புப் படகில் கோர்லை கிராமத்துக்குப் போனோம். அங்கே போர்த்துகீசியம் கலந்த ஒரு தனி பாஷை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். திண்ணையில் ஒரு பாட்டி வலை பின்னிக்கொண்டே பேத்தியை அந்தப் பாஷையில் அதட்டினார். எங்களைப் பார்த்ததும் மராத்திக்கு மாறிக்கொண்டார். எங்கிருந்து என்று கேட்டார். மும்பை, வீட்டில் தமிழ் என்றேன். எங்களைப் பேசச் சொல்லிக் கேட்டார். மனைவி, ‘வலை ரொம்ப நெருக்கமா இருக்கே பாட்டி, என்ன மீனுக்கு?’ என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, எழுந்து உள்ளே போய் ஒரு கை நிறைய காய்ந்த கூனிப்பொடி கொண்டுவந்து மனைவியின் முந்தானையில் கொட்டினார்.

திரும்பி வந்தால் நீர் இறங்கிவிட்டது. எங்கள் துடுப்புப் படகு முப்பது அடி சேற்றுக்கு நடுவில். நான் இறங்கினேன், முழங்கால் வரை புதைந்தது. கரையிலிருந்த ஒருவர் ஓஹோட்டி, ஓஹோட்டி என்று கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். சேற்றில் சின்ன நண்டுகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. இருட்டியபோது நீர் முதலில் ஒரு கோடாக வந்தது, பிறகு படகின் பின்பக்கம் லேசாக அசைந்தது. அந்த அசைவு வரும்வரை நாங்கள் இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூனிப்பொடியை நங்கூர அக்கா சொன்னபடி சின்னப் பாட்டில்களில் பிரித்தாயிற்று. அமாவாசை நெருங்குவதால் நாளை பாங்கோட் வேண்டாம் என்று இருக்கிறேன். அடுத்த அஷ்டமி வரை இங்கேயே ராஜபுரிக் கழியில் தங்கி, தினம் ஜஞ்சிரா கடற்கோட்டையைச் சுற்றி வரலாம். அதன் வாசல் சுவரோடு சுவராக மறைந்து நிற்கிறது, கிட்டே போகும்வரை கண்ணில் படவில்லை.

நங்கூர_வீடு | ஜனவரி 16

காலை ஒரு மணி நேர ஏற்பாடு நடக்கிறதா?

செம்பூர்_அலை | ஜனவரி 17

நடக்கிறது அக்கா. ஆனால் அவள் அணியத்தை எடுத்துக்கொண்டாள், எனக்கு உள்பக்கம்தான்.

தூத்தூர்க்காரன் | ஜனவரி 17

அண்ணாச்சி, பிப்ரவரி கடைசியில் எனக்கு தேவ்கட்டில் ஒரு வேலை இருக்கிறது. சித்தப்பாவும் கூட வருகிறேன் என்கிறார். எட்டு வருடமாக அந்த ஊரை ஒரு தடவை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் விஜயதுர்க்கை விட்டுக் கிளம்பும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். தேவ்கட் பர்தி நேரத்தைக் கேட்டு அனுப்புகிறேன். அவர் முனையில் நின்று உங்களுக்குத் தடம் காட்டுவாராம்.